பங்க் கணக்குப்பிள்ளை பதில்கள்

செங்கோட்டைக்கு மேற்கே, கேரள எல்லைக்குப் போகும் புளியரைச் சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் 1996 முதல் 2023 வரை கணக்கு எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் எண்ணெய், வெயில், வெளிநாட்டுச் சண்டை என்றே இருந்ததால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். பேத்திக்குப் பெயர் கேட்டு எழுதிய ஆலங்குளத்துக்காரர் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணாச்சி, எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை கொச்சியில் இருக்கிறது. கேரளத்துக்காரர்களோ மலை இறங்கி வந்து நம்மிடம் பெட்ரோல் போட்டுப் போகிறார்கள். என்ன கூத்து இது?
*காய்கறி வியாபாரி, பாவூர்சத்திரம்*

வரிக் கூத்து. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் வராதவை. மத்திய அரசின் கலால் வரி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அதன்மேல் மாநிலங்கள் போடும் வரி அவரவர் இஷ்டம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரள அரசு சமூகப் பாதுகாப்பு நிதி என்று 2 ரூபாய் கூட்டியது. இரண்டும் சேர்ந்து எங்கள் பங்கில் மலையாள நம்பர் பலகைகள் வரிசை கட்டின.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் நடந்தது இது. ஆரியங்காவிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் காலை ஆறரைக்கெல்லாம் வந்து நிற்பார். "சேட்டா, நிறச்சோ" என்பார். அவர் டாங்கில் எட்டு லிட்டர் பிடிக்கும். மிச்சம் நாற்பது ரூபாய். மலை ஏறி இறங்க முக்கால் லிட்டர் ஆகும். செலவு எழுபத்தைந்து ரூபாய். ரசீதுத் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினேன். தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, "பைசயல்ல, வாசியாணு" என்றார். மலையாளத்தில் வாசி என்றால் வீம்பு. மறுநாளும் வந்தார்.

இதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். அன்றைக்கு எல்லைக் கோட்டைக் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போட்டிருந்தால் நானும் அந்த ஆட்டோக்காரருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருப்பேன்.

27 வருடம் பெட்ரோல் விற்றுச் சோறு தின்ற உமக்கு, புவி சூடாவதைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?
*பெயரில்லாத அஞ்சலட்டை, தென்காசி முத்திரை*

கணக்குப்பிள்ளையிடம் யோக்கியதை கேட்டால் கணக்குதான் வரும். எங்கள் பங்கில் டீசல் மட்டும் நாளொன்றுக்குச் சராசரி 5000 லிட்டர் போகும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.68 கிலோ கரியமில வாயு. ஆக ஒரு நாளுக்கு 13.4 டன். 27 வருடத்துக்குப் பெருக்கினால் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் டன். என் கையெழுத்துப் போட்ட பேரேட்டின் வழியாக அவ்வளவும் ஆகாயத்துக்குப் போயிருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்களே தவிர இந்தத் தொகையை யாரும் வாசிக்கவில்லை.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரி இந்தியர் ஒருவர் ஓராண்டில் விடும் கரியமில வாயு சுமார் 2 டன். அமெரிக்கர் ஒருவருக்கு சுமார் 14 டன். அதாவது பாவூர்சத்திரத்து வெங்காயமும் சுரண்டைக் கத்தரிக்காயும் கேரளத்துக்கு ஏற்றிப்போன அத்தனை லாரிகளுக்கும் எங்கள் பங்க் ஒரு நாள் ஊற்றிய டீசல், அங்கே ஒரே ஒரு ஆளின் ஒரு வருடம்.

என்மேல் தவறே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தவன். அடுத்த அட்டையில் உங்கள் பெயரையும் எழுதுங்கள்.

ஐயா, ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான் என்று ஆய்வகத்தில் பார்த்தோம். அது எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. முக்கால் கிலோ எப்படி இரண்டே கால் கிலோவுக்கு மேல் ஆகும்? அச்சுப்பிழையா?
*பிளஸ் 2 மாணவர், கடையநல்லூர்*

தம்பி, நல்ல கேள்வி. வீட்டில் ஒரு படி அரிசி உலையில் போட்டால் எத்தனை படி சோறு வருகிறது? மூன்று படி வந்ததும் அம்மாவைச் சந்தேகப்படுகிறாயா? அரிசி தண்ணீரைக் குடித்தது. பெட்ரோல் காற்றைக் குடிக்கிறது, அவ்வளவுதான்.

பெட்ரோலின் எடையில் ஏழில் ஆறு பங்குக்கு மேல் கரி, அதாவது கார்பன். கரி அணு ஒன்றின் எடை 12 என்றால், எரியும்போது 16 எடையுள்ள ஆக்சிஜன் அணுக்கள் இரண்டைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. 12, 44 ஆகிறது. உன் வீட்டு வண்டியில் ஒரு லிட்டர் போட்டுக் குற்றாலம் போய்வந்தால், போட்டதைப்போல மூன்று மடங்கு எடையை வழியில் விட்டுவிட்டு வருகிறாய். கண்ணுக்குத் தெரிந்திருந்தால் ஐந்தருவிச் சாலையில் தினமும் துப்புரவுப் பணியாளர்கள் கூடையோடு நின்றிருப்பார்கள்.

கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்று 1896இலேயே ஸ்வாந்தே அரீனியஸ் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. எங்கள் பங்கில் தினமும் காலையில் பித்தளைக் கோலை டாங்கில் இறக்கி மட்டம் பார்ப்போம். நுனியில் ஒரு பசை தடவியிருக்கும். அடியில் தண்ணீர் இறங்கியிருந்தால் பசை சிவந்துவிடும். சிவந்த பிறகும் விற்றுக்கொண்டிருந்தால் வண்டிக்காரர் சும்மா விடமாட்டார்.

என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். வளைகுடாப் பக்கம் சண்டை என்று செய்தி வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. எங்கோ நடக்கும் சண்டைக்கும் நம் அடுப்புக்கும் என்ன சம்பந்தம் அண்ணே?
*ஒரு தாய், கடையநல்லூர்*

அடுப்பிலிருந்தே தொடங்குவோம் அம்மா. நாம் எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்குமேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பங்கு வளைகுடாவிலிருந்து. அது வெளியே வர வேண்டிய வாசல் ஹோர்முஸ் நீரிணை. மிகக் குறுகலான இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர். தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் தினமும் எரிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வழக்கமாக அந்தச் சந்து வழியாகத்தான் போகும். ஒரு கரையில் ஈரான். அவர்கள் வாசலை அடைக்கவே வேண்டாம். அடைப்போம் என்று சொன்னாலே கப்பலுக்குக் காப்பீட்டுத் தொகை ஏறும், எண்ணெய் விலை ஏறும்.

என் அக்காள் கணவர், அத்தான், குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக்கின் சதாம் உசேனின் படை உள்ளே நுழைந்தது. நாற்பது நாள் கடிதம் இல்லை, தந்தி இல்லை. அக்காள் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குத் திண்ணையில் வந்து உட்காருவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே சைக்கிளை மிதித்துப் போய்விடுவார். அத்தான் பஸ்ஸில் பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்கு வந்து, பாலைவனக் கூடாரத்தில் கிடந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். அப்படி அழைத்து வரப்பட்ட இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். செங்கோட்டை ரயிலடியில் இறங்கியபோது அவர் கையில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு டப்பா ஈச்சம்பழம், மாற்ற ஆளில்லாத குவைத் தினார் நோட்டுகள். எட்டு வருட உழைப்பு. அந்த நோட்டுகள் வெகுகாலம் அக்காளின் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் கிடந்தன. குழந்தைகள் கடை விளையாட்டு விளையாடின.

நாட்டுக்கும் அதே கதிதான். எண்ணெய் விலை சில வாரங்களில் இரட்டிப்பானது, குவைத்திலிருந்து வந்த பணம் நின்றது. ஏற்கெனவே கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த அரசாங்கத்தின் கையில் 1991 நடுவில் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி இருந்தது. டன் கணக்கில் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தோம். அக்காளும் அந்த வருடம்தான் வளையலை வைத்தாள். இரண்டு அடகுக்கும் காரணம் ஒரே கிணறு.

உங்கள் மகனைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். சம்பளத்தை மாதாமாதம் ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். அத்தான் செய்த தவறு அது ஒன்றுதான்.

உலகத்தில் நடக்கும் எல்லாச் சண்டையும் எண்ணெய்க்காகத்தானா?
*டீக்கடை உரிமையாளர், இலஞ்சி*

எல்லாம் என்று சொன்னால் சோம்பேறித்தனம். அக்காள் தங்கைச் சண்டையையெல்லாம் சொத்துச் சண்டை என்று சொல்லிவிட முடியுமா? ஆனால் சொத்து இருந்தால் சண்டை நீளும்.

நம் ஊர்க் கதையோடு ஒட்டிய ஒன்றைச் சொல்கிறேன். 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அப்போதைய கப்பல்கள் நிலக்கரியில் ஓடின. 1911 ஜூனில் எங்கள் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் வின்ஸ்டன் சர்ச்சில் கடற்படைக்கு அமைச்சரானார். போர்க்கப்பல்களைக் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றும் வேலையை முடுக்கினார். பிரிட்டனில் கரி உண்டு, எண்ணெய் இல்லை. எனவே 1914இல், இன்றைய ஈரானான பாரசீகத்தில் எண்ணெய் எடுத்த ஆங்கிலோ பெர்சியன் கம்பெனியின் பாதிக்குமேல் பங்கை அரசாங்கமே வாங்கியது. 1951இல் ஈரான் பிரதமர் மொசாதேக் அந்த எண்ணெயை நாட்டுடைமை ஆக்கினார். 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் கைகோத்து அவரைக் கவிழ்த்தன. இன்றைய ஈரான் பகைக்கு வேர் தேடுகிறவர்கள் அங்கே தோண்டினால் கிடைக்கும்.

1973இல் கதை தலைகீழானது. இஸ்ரேலுடன் போர் நடந்தபோது அரபு நாடுகள் எண்ணெயைப் பிடித்து வைத்தன. 3 டாலராக இருந்த பீப்பாய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. குழாய் யார் கையில் இருக்கிறதோ அவரே பஞ்சாயத்துத் தலைவர் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

ரஷ்யாவிடம் மலிவாக எண்ணெய் வாங்கினோம் என்றார்கள். பங்க் பலகையில் விலை இறங்கவில்லையே?
*லாரி ஓட்டுநர், சுரண்டை*

பலகையில் விலையை மாற்றியவன் நான், என்னிடமே கேட்கிறீர்கள்.

2017 ஜூன் 16 முதல் உலகச் சந்தையை ஒட்டித் தினமும் விலை மாறும் என்று அறிவித்தார்கள். அதற்காகவே காலை ஆறு மணிக்கு முன் எழுந்து பழகினேன். 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 137 நாள் விலை அசையவில்லை. இடையில் உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் நடந்து முடிந்தது. முடிந்த கையோடு, 2022 மார்ச் 22 முதல் ஏறத் தொடங்கியது. மே மாதம் கலால் வரி குறைந்தது. அதன்பின் ஏறக்குறைய 22 மாதம் மறுபடி உறக்கம். 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பதற்கு ஒரு நாள் முன்பாக, 2 ரூபாய் இறங்கியது. உலகச் சந்தை நம் தேர்தல் அட்டவணையை இவ்வளவு மரியாதையாகக் கவனிப்பது ஆச்சரியம்தான்.

உக்ரைன் போருக்கு முன் நம் இறக்குமதியில் ரஷ்ய எண்ணெய் 2 சதவீதம்கூட இல்லை. ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. விலை ஏறிய காலத்து நஷ்டத்தை ஈடுகட்டினோம் என்கின்றன நிறுவனங்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வேடிக்கை வேறிடத்தில். ரஷ்ய எண்ணெயைத் தொடமாட்டேன் என்ற ஐரோப்பா, அதே எண்ணெயை நம் ஆலைகளில் காய்ச்சி எடுத்த டீசலை வாங்கிக்கொண்டது. நமக்கு இது புதிதா? இங்கிருந்து ரேஷன் அரிசி மூட்டை புளியரை தாண்டிப் போய், மில்லில் பாலீஷ் போட்டு, யானைப் படம் போட்ட பையில் திரும்பி வருவதைப் பார்த்தவர்கள் நாம்.

இதே ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகள்மேல் கூடுதலாக 25 சதவீதம் வரி போட்டு, மொத்தத்தை 50 ஆக்கியது. அடி விழுந்தது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு. எண்ணெய் காய்ச்சியவர் ஒருவர், தையல் மிஷினில் வேலை இழந்தவர் இன்னொருவர்.

பருவநிலை மாநாடு என்று வருடாவருடம் கூடுகிறார்கள். என்னதான் பேசுகிறார்கள்?
*ஓய்வு பெற்ற ஆசிரியை, புனலூர்*

வினைச்சொல் பற்றிப் பேசுகிறார்கள் டீச்சர். 1992இல் ரியோவில் ஒப்பந்தம் போட்டார்கள். 2021இல் கிளாஸ்கோவில் நிலக்கரியை "ஒழிப்பது" என்று எழுதியிருந்ததைக் கடைசி நேரத்தில் "குறைப்பது" என்று மாற்றவைத்தது இந்தியா. புதைபடிவ எரிபொருள் எல்லாவற்றையும் விட்டு "விலகிச் செல்வது" என்ற சொல் 2023இல் துபாயில்தான் ஏறியது. அந்த மாநாட்டின் தலைவர் அபுதாபி அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர். எங்கள் முதலாளியை மிதிவண்டிச் சங்கத்துக்குத் தலைவராக்கிய மாதிரி. இத்தனைக்கும் அந்தச் சொல் அவர் தலைமையில்தான் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2024இல் அஜர்பைஜான் நாட்டின் பாகுவில் ஏழை நாடுகளுக்கு 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று சுத்தியலைத் தட்டினார்கள்; கேட்டது 1,30,000 கோடி. நம் பிரதிநிதி எழுந்து இது கண்கட்டு வித்தை என்றார். 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற அன்றே அமெரிக்கா பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக, இரண்டாம் முறையாக, அறிவித்தார்.

நம் கட்சியையும் சொல்கிறேன். பழைய புகையெல்லாம் அவர்களுடையது, எங்கள் தலைக்கு 2 டன்தான் என்பது நியாயமான வாதம். ஆனால் அந்த 2 டன் எப்படி வந்தது? கடையத்தில் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணையும், எங்கள் பங்கில் வாரம் இருமுறை 60 லிட்டர் டாங்கை நிரப்பியவரையும் கூட்டி இரண்டால் வகுத்தது. ஏழையின் ரேஷன் கார்டை நீட்டிப் பணக்காரர் சர்க்கரை வாங்குவது என்றால் உங்கள் ஊரிலும் புரியும்.

குற்றால சீசன் கெட்டுப்போனதற்கும் இதுதான் காரணமா?
*விடுதிக்காரர், குற்றாலம்*

ஒரு வருடச் சாரலை வைத்து ஜோசியம் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் சுமக்கும். சுமந்ததை மொத்தமாகக் கொட்டும். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் 400 பேருக்குமேல் இறந்தார்கள். நிவாரண அரிசியும் போர்வையும் ஏற்றிய லாரிகள் அந்த வாரம் எங்கள் பங்கில் இரவெல்லாம் நின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. 2024 மே 17, சீசனே தொடங்காத நாள், பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துப் போனது. ஜூனுக்கு முன் அருவியில் ஆபத்து இல்லை என்று விடுதி வரவேற்பறையில் இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஆடிக் காற்றில் நம் காற்றாலைகள் இவ்வளவு சுற்றுகின்றனவே, பிறகு எதற்குத் தூத்துக்குடியில் நிலக்கரி எரிக்கிறார்கள்?
*விவசாயி, பண்பொழி*

ஐப்பசியில் உங்கள் வயலுக்குப் பக்கத்துக் காற்றாலை சுற்றுகிறதா என்று பார்த்து எழுதுங்கள். ஆரியங்காவுக் கணவாய் தரும் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருந்தும், காற்று படுத்தால் ஒடிசாவிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் வரும் கரிதான் விளக்கெரிக்கிறது. தேக்கி வைக்கப் பெரிய பேட்டரி வேண்டும். பகலுக்குச் சூரியத் தகடு வேண்டும். தகடு செய்யும் தொழிலில் உலகின் 80 சதவீதத்துக்குமேல் சீனாவின் கையில். 2025 ஏப்ரலில் மோட்டார்க் காந்தங்களுக்கான அரிய மண் உலோகங்களுக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் நம் மின்வண்டித் தொழிற்சாலைகள் திணறின. அரபு நாட்டுக் குழாய்க்குப் பதில் சீனத்துச் சாவி. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: எண்ணெயை எரித்தால் தீர்ந்தது, மறுநாள் திரும்பக் கேட்க வேண்டும். தகட்டை ஒருமுறை வாங்கிக் கூரையில் மாட்டிவிட்டால் இருபது வருடம் யாரிடமும் கையேந்த வேண்டாம். நான் தகடு கட்சி.

இப்போது என்ன வண்டி ஓட்டுகிறீர்கள்?
*வாசகி, வாசுதேவநல்லூர்*

மகள் வாங்கித் தந்த மின்சார ஸ்கூட்டர். முதல் வாரம் பழக்க தோஷத்தில் நேரே பங்குக்கே விட்டுவிட்டேன். புதிதாகச் சேர்ந்த பையன் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து, டாங்க் மூடி எங்கே என்று இருக்கைக்கு அடியிலெல்லாம் தேடினான். சும்மா திரும்ப வெட்கமாக இருந்தது. இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்துக்கொண்டு வந்தேன். அதற்குக் காசு கிடையாது.